நவம்பர் ஐந்து எப்படி, அக்கா?

கத்தரிக்கோலைக் கையில் எடுத்த பிறகுதான் அருள்நாயகி அக்கா பத்திரிகையை விரிப்பார். பிரித்தானிய வரலாற்றில் அன்றைய நாளில் நடந்ததைச் சொல்லும் சின்னக் கட்டத்தை வெட்டி, அப்பியாசக் கொப்பியில் ஒட்டுவார். மாதத்துக்கு ஒரு கொப்பி, நாளுக்கு ஒரு பக்கம். எந்த ஆண்டு என்பது பற்றி அவருக்குக் கவலையே இல்லை. அதன் பிறகுதான் தேத்தண்ணீர், அதன் பிறகுதான் கிழக்கு லண்டனில் பிளேஸ்டோ முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை.

“யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கம் இந்தக் குளிருக்கு வேலை செய்யாது. இந்த நாட்டிலை இருக்கிறதெண்டால் இந்த நாட்டுப் பஞ்சாங்கம்தான் பாக்கவேணும்” என்பார். ஒரே வீட்டில் அவர் கீழறை, நான் மேலறை. நான் சிரித்தால் முறைப்பார். ஊர்ச்சனம் சிரிப்பதில்லை, நல்ல நாள் கேட்டு அவரிடம்தான் வரும். ஃபாரஸ்ட் கேட்டில் தோசைக்கடை திறக்கவிருந்த றோஸ்மலர், செப்டம்பர் இரண்டு எப்படி என்று போனில் கேட்டாள். “ஐயோ பிள்ளை, லண்டன் பத்தியெரியத் தொடங்கின நாள். அடுப்பு மூட்டுற யாவாரத்துக்கு ஏலாது!” விசாப் பத்திரம் அனுப்புகிறவர்களுக்கெல்லாம் ஒக்டோபர் பதினாலு. “தொளாயிரம் வருசத்துக்கு முந்தி வெளியாலை வந்தவன் சண்டை பிடிச்சு வெண்ட நாள். இதைவிட என்ன வேணும்?”

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். அக்காவின் அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். அவரிடம் இருந்த ஆதாரம் ஒரே ஒரு தாள்: ஊரில் இராணுவ முகாமில் பதினொரு நாள் வைத்திருந்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த விடுதலைத் துண்டு. அந்தக் கையெழுத்தும் அடையாள அட்டையில் உள்ளதும் ஒன்றல்ல, ஆகவே தாள் போலி என்றார்கள். மேன்முறையீடும் தோற்றால் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். ஏன் அப்படி வித்தியாசம் என்று கேட்டேன். “அது அப்பிடித்தான் வந்தது” என்று எழும்பிப் போய்விட்டார். வழக்கறிஞர் வத்சலாவுக்கும் அதே பதில்தான்.

மேன்முறையீட்டு விசாரணை முதலில் தொண்ணூற்றாறு ஜனவரி முப்பதுக்கு வந்தது. “ராசான்ரை தலையையே வெட்டின நாள். என்னை விடுவாங்களே?” நாரிப்பிடிப்பு, இடுப்பை நிமிர்த்த ஏலாது என்று மருத்துவரிடம் கடிதம் வாங்கித் தள்ளிப்போட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அடுத்த திகதி நவம்பர் ஐந்து. இனித் தள்ளிப்போட ஏலாது என்று வத்சலா அடித்துச் சொல்லிவிட்டார்.

கொப்பியில் அந்த நாளின் பக்கத்தில் இரண்டு துண்டுகள் ஒட்டியிருந்தன. நாடாளுமன்றத்துக்குக் கீழே வெடிமருந்தோடு ஒருவன் பிடிபட்டது அன்றுதான். எண்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, ஒல்லாந்து இளவரசன் கப்பலில் வந்து இறங்கியதும் அன்றுதான். அவன் பிறகு இந்த நாட்டுக்கே அரசனானான். “பிடிபட்டவன்ரை நாளோ, வந்திறங்கினவன்ரை நாளோ? ஆரிட்டைக் கேக்கிறது?” என்று இரண்டு கிழமை நித்திரையில்லாமல் திரிந்தார். அந்த நாளின் கொண்டாட்டமென்று தெருவில் பிள்ளைகள் வெடி கொளுத்தும்போதெல்லாம் போய்க் கதவுப் பூட்டைச் சரிபார்த்தார்.

செவ்வாய்க்கிழமை காலை விசாரணை. நான் வத்சலாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எதிர்த்தரப்பு அதிகாரி விடுதலைத் துண்டையும் அடையாள அட்டையையும் தூக்கிக் காட்டினார். மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: “இரண்டும் உங்கடை கையெழுத்தோ?”

“ஓம்.”

“அப்ப ஏன் ஒரேமாதிரி இல்லை?”

நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். “சொல்லுங்கோ அக்கா, இப்ப சொல்லாட்டி எல்லாம் முடிஞ்சுது” என்று வத்சலா கிசுகிசுத்தார். அக்கா நடுவரையும் அதிகாரியையும் மொழிபெயர்ப்பாளரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆண்கள் நிறைந்த அந்த அறையில் முகாமில் தனக்கு நடந்ததை அவரால் சொல்ல முடியாது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவர் கைப்பையிலிருந்து நவம்பர்க் கொப்பியை எடுத்து விரித்தார். மூன்றாவதாக ஒரு துண்டு, அன்று காலை வெட்டியது, பசைகூடச் சரியாகக் காயவில்லை. பிடிபட்ட வெடிமருந்துக்காரன் வாக்குமூலங்களில் போட்ட இரண்டு கையெழுத்துகள் அதில் படமாக இருந்தன. சில நாட்கள் சென்று, கை தேறிய பின் போட்டது தெளிவாக இருந்தது. வதைத்தவுடன் போட்டது வெறும் கீறல்.

அக்கா எழுந்து போய்க் கொப்பியை நடுவரின் மேசையில் வைத்தார். அந்தக் கீறலின் மேல் விரலை ஊன்றி, நடுவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.