இரண்டு ஃபைலில் ஒரே படம்

மின்விநியோகப் பெட்டி ஒன்றின் படம் அது. மூடி திறந்திருக்கும், சிவப்பு, மஞ்சள், நீலக் கம்பிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக இறங்கியிருக்கும். மலேசியாவின் பாசிர் கூடாங்கில் பயிற்சியில் இருந்தபோது அதைப் பொருத்தியவர், என்னோடு பயின்ற அக்கா. வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்டதும், நாற்பது வயதில் வயரிங் கற்க வந்தவர். எனக்கு அப்போது இருபது.

செய்த ஒவ்வொரு வேலைக்கும் படம், விளக்கம், மேற்பார்வையாளர் கையெழுத்து எல்லாம் சேர்த்து ஃபைல் தயாரிக்க வேண்டும். அதை வைத்துத்தான் சான்றிதழ். அந்தப் பெட்டியைப் பொருத்திய இரண்டு நாளும் நான் சாஆ என்ற ஊரில், நண்பன் கல்யாணத்தில் இருந்தேன். "பாத்து வெச்சுக்க தம்பி, அடுத்தது நீதான் செய்யணும்" என்று அக்கா படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் அதை என் ஃபைலில் ஒட்டிவிட்டேன். மேற்பார்வையாளரோ நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போடுகிறவர்.

மதிப்பீட்டு நாளில் அதிகாரி இரண்டு ஃபைலையும் அருகருகே விரித்து வைத்தார். "சியாப்பா புஞா?" என்று மலாயில் கேட்டார். யாருடையது? அக்கா வாய் திறக்குமுன் "சாயா புஞா" என்றேன். என்னுடையதாம். அவ்வளவு வேகமாக நான் எதற்கும் பதில் சொன்னதில்லை. என் விளக்கம் சுத்தமாகத் தட்டச்சு செய்தது. அக்காவுடையது அடித்தலும் திருத்தலுமாகக் கையால் எழுதியது. அதிகாரி என்னை நம்பினார். அக்காவின் கையில் கைபேசி இருந்தது. எனக்கு அனுப்பிய படமும் தேதியும் அதில் இருந்தன. அவர் அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்தப் பகுதியை அவர் மறுபடி செய்ய வேண்டும் என்றார்கள். நான்கு மாதம்.

வெளியே வந்ததும், "ஏங்க்கா காட்டல?" என்றேன். அதைக் கேட்கவும் எனக்கு வாய் வந்தது.

"காட்டுனா உன்ன நிப்பாட்டிருவாங்க லா. எனக்கு இன்னொரு தடவ செய்யத் தெரியும். உனக்குத் தெரியுமா?"

அதிகாரியின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. பத்து எட்டு வைத்தால் போதும். நான் போகவில்லை.

அந்த வேலையைப் பிறகு கற்றுக்கொண்டேன். இன்று அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. போன மாதம் கூலாயில், மின்சாமான் கடையொன்றில் அக்காவைப் பார்த்தேன். சொந்தமாக வயரிங் வேலை எடுத்துச் செய்கிறாராம். கூட நின்ற பெண்ணிடம், "நாங்க ஒண்ணா படிச்சவங்க. இவரு என்னவிட முன்னாலயே பாஸாயிட்டாரு" என்றார். குரலில் குத்தல் துளியும் இல்லை. மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் எனக்கு இனி வராது.

"ஆமாக்கா" என்று சிரித்தேன்.