கூர்மமும் கூர்ப்பும்

போன கிழமை பளையிலிருந்து கிளிநொச்சிக்கு வந்த பஸ்ஸில், பக்கத்துச் சீற்றில் இருந்த ஐயா தன் கைபேசியில் ஒரு பேச்சுக் கேட்டுக்கொண்டு வந்தார். காதுக்குள் மாட்டுகிற வயர் அவரிடம் இல்லை. அது தேவை என்றும் அவர் நினைக்கவில்லை. ஆகவே பஸ்ஸே கேட்டது. கோட்டுச் சூட்டுப் போட்ட ஒருவர் முழங்கினார்: முதல் அவதாரம் மீன், உயிர் நீரில் தொடங்கியது, இரண்டாவது ஆமை, உயிர் கரையேறியது, மூன்றாவது பன்றி, கரையிலேயே தங்கிவிட்டது. வெள்ளைக்காரன் நேற்றுக் கண்டுபிடித்ததை நம் முன்னோர் என்றைக்கோ கோயில் சுவரில் வரிசையாகச் செதுக்கி வைத்துவிட்டார்களாம். கைதட்டல் கேட்டது. ஐயா என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களே தங்கச்சி, எங்கட ஆக்களுக்கு இதெல்லாம் எப்பவோ தெரிஞ்சிருக்கு" என்றார். "ஓம் ஐயா, தெரிஞ்சபடியாத்தானே இப்பிடி இருக்கிறம்" என்றேன். அதை அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, எனக்காக இன்னொரு தரம் முதலிலிருந்து போட்டார்.

எனக்கு வந்த கொதிக்கு அந்த ஐயா காரணமில்லை, பாவம். இதே பேச்சை, இதே மீன் ஆமை பன்றி ஒழுங்கில், ஒரு மண்டபத்தில் இருந்து நேரே கேட்டவள் நான். அதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தவளும் நான்தான். அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் ஏதும் வைத்திருந்தால் இந்த இடத்திலேயே நிற்பாட்டிவிடுங்கள்.

முதலில் அந்தச் சொல். தமிழ்நாட்டுக்காரர் பரிணாமம் என்பார்கள். எங்கள் பாடப்புத்தகங்களில் அதற்குப் பெயர் கூர்ப்பு. எந்தப் புண்ணியவான் வைத்தாரோ தெரியாது, எனக்கு மிகவும் பிடித்த சொல். சின்ன வயதில் அதைப் பென்சில் சீவுவதோடு சேர்த்து யோசித்திருக்கிறேன். உயிர்கள் சீவிச் சீவிக் கூராகி வருகின்றன என்று. தவறான விளக்கம்தான், ஆனாலும் பின்னால் நான் கேட்ட விளக்கங்களோடு பார்த்தால் அதற்கு ஒரு பரிசே தரலாம்.

கூர்ப்பு என்றாலே எனக்கு மூக்கில் போமலின் மணம் ஏறும். நெடுங்கேணிக்கு அங்கால், காட்டோரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில்தான் எனக்கு முதல் நியமனம். சண்டை முடிந்து சனம் மீள்குடியேறிச் சில வருசங்கள். பள்ளிக்கூடத்துக்கு உயர்தர உயிரியல் பிரிவு புதிதாகக் கிடைத்திருந்தது. ஆய்வுகூடம் என்று பெயர்ப்பலகை அடித்த அரை அறை, ஒரு அலுமாரி, அதற்குள், பழுதாகாமல் இருக்கப் போமலின் ஊற்றிய போத்தலில் ஒரு பாம்பு. அந்தப் பாம்புக்கு வால் பக்கம் கரைந்துபோய் முகம் மட்டும்தான் மிச்சம். அது என்ன பாம்பு என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. பிள்ளைகள் கேட்டால், "அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேணும்" என்று பெரிய விஞ்ஞானி மாதிரிச் சொல்லித் தப்பிவிடுவேன்.

பிள்ளைகள் என்றால் ஐந்து பேர். அதில் நிரோஜா என்றொருத்தி. மற்ற நாலு பேரும் நான் சொன்னதை எழுதுவார்கள், அவள் மட்டும் எழுதிவிட்டு ஏன் என்று கேட்பாள். தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறுவயதில் வன்னிக்கு வந்தவர், மற்றவர்களின் வயலில் கூலி வேலை. அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள். மூன்று முறை பரீட்சை எழுதலாம் என்பது சட்டம். அவளுடைய வீட்டுச் சட்டம் வேறு. "ஒருக்காத்தான் எண்டு அப்பா சொல்லிப்போட்டார் ரீச்சர். வராட்டி வேலைக்குப் போக வேணும்" என்று முதல் நாளே எனக்குச் சொல்லி வைத்திருந்தாள். எங்கள் மாவட்டக் கோட்டாவுக்கு அவள் எடுக்கும் புள்ளிகள் போதும் என்று நான் கணக்குப் பார்த்து வைத்திருந்தேன். பள்ளிக்கூட அதிபரும் பார்த்து வைத்திருந்தார். அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து மருத்துவபீடத்துக்கு ஒரு பிள்ளை போகும் என்றால் அது அவள்தான்.

தவணைக்குரிய பாட அலகுகளை எழுதி ஆய்வுகூட வாசலில் ஒட்டுவது என் பழக்கம். ஒருநாள் கோயில் தலைவர் அந்தப் பக்கம் வந்தார். பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். ஊரில் கதிரை போடுகிற இடமெல்லாம் முதல் கதிரை அவருடையது. யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்து வந்த குடும்பம், அதை நாளுக்கு இரண்டு தரமாவது சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. கடதாசியில் 'கூர்ப்பு' என்று கண்டதும் மனிதருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "இப்பத்தான் அரசாங்கத்துக்குப் புத்தி வந்திருக்கு. கூர்மாவதாரத்தைப் பாடமாக்கியிருக்கிறாங்கள்" என்றார்.

இந்த இடத்தில் ஒரு உயிரியல் ஆசிரியை என்ன செய்திருக்க வேண்டும்? ஐயா, அது கூர்மம் இல்லை, கூர்ப்பு, அதற்கும் ஆமைக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சிரித்தேன். ஆய்வுகூடத்துக்கு ஒரு மின்விசிறி தருவதாக அவர் அப்போதுதான் சொல்லியிருந்தார். தகரக் கூரைக்குக் கீழே போமலின் மணத்தோடு பங்குனி வெயிலில் நீங்கள் படிப்பித்திருந்தால் என்னைக் கொஞ்சம் மன்னிப்பீர்கள். விசிறி வந்தது. கூடவே பத்து அவதாரமும் வரிசையாக நிற்கிற, கண்ணாடி போட்ட பெரிய படமொன்றும் வந்தது. அதைப் பாம்புப் போத்தலுக்கு மேலே அவரே ஆணி அடித்து மாட்டினார்.

படம் மாட்டி ஒரு கிழமைக்குள் சபைப் போதகர் வந்துவிட்டார். ஐந்து பிள்ளைகளில் ஒருத்தி அவருடைய சபை. அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் என்ற பெயரில் ஆமைச் சாமி படிப்பிக்கிறார்கள் என்று அவருக்குச் செய்தி போயிருந்தது. அவருடைய கோரிக்கை மிக நியாயமானது: ஆமையைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஆறு நாள் படைப்பையும் பக்கத்தில் மாட்ட வேண்டும். படத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். இரண்டு படத்துக்கும் நடுவில் அந்தப் பாம்பை வைத்தால் பொருத்தமாயிருக்கும் என்று எனக்கு வாயில் வந்தது, விழுங்கிவிட்டேன்.

பிறகென்ன, கூட்டம். வன்னியில் எதற்கும் கூட்டம் போடலாம். தேத்தண்ணியும் வாய்ப்பனும் இருந்தால் ஆட்கள் வருவார்கள். ஒரு பக்கம் ஆமை முதலா, மறுபக்கம் ஆதாம் முதலா. பஸ்ஸில் நான் கேட்ட அந்தப் பேச்சைத் தலைவர் முக்கால் மணித்தியாலம் செய்தார். போதகர் தன் பங்குக்கு ஒரு மணித்தியாலம். பாடப்புத்தகம் மேசையில் கிடந்தது. அந்த மண்டபத்தில் ஒருவராவது அதைத் திறந்து பார்க்கவில்லை. ஒருவர் அதைத் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைத்தார்.

மனிதனும் குரங்கும் சொந்தமாம் என்று யாரோ ஒரு கதையை விட்டதும், கச்சான் தோட்டக்காரர் ஒருவர் எழும்பினார். அந்த வருசம் அவருடைய கச்சானைக் குரங்குக் கூட்டம் கிண்டி முடித்திருந்தது. "எனக்குச் சாமி வேதம் ஒண்டும் தெரியாது. அந்தச் சனியனுகளோட எனக்கு ஒரு சொந்தமும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். அன்றைக்கு அங்கே பேசியவர்களில் நேர்மையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

கடைசியில் அதிபர் என்னைப் பார்த்தார். நான்தான் படிப்பிக்கிறேன், அது என்னதான் என்று சொல்லிவிடும்படி கேட்டார். எனக்கும் ஒரு ரோசம் வந்தது. எழும்பிச் சொன்னேன். கூர்ப்பு வேறு, கூர்மம் வேறு. குரங்கு மனிதனாக மாறவில்லை. உங்கள் கையையும் வௌவாலின் செட்டையையும் திமிங்கிலத்தின் துடுப்பையும் திறந்து பார்த்தால் ஒரே எலும்புகள் ஒரே ஒழுங்கில் இருக்கும், ஏனென்றால் எல்லாம் ஒரு மூதாதையிலிருந்து பிரிந்து வந்தவை. மனிதரும் அப்படித்தான், எல்லாருக்கும் ஒரே மூதாதை. எட்டு நிமிசம்கூட ஆகியிருக்காது. நல்லாகத்தான் சொன்னேன்.

கோயில் தலைவர் ஆமையை மறந்துவிட்டார். "எல்லாருக்கும் எண்டால்?" என்று கேட்டார்.

"எல்லா மனிசருக்கும், ஐயா."

"அதுதான் பிள்ளை கேக்கிறன். எல்லாருக்கும் எண்டால், ஆருக்கெல்லாம்?"

கேட்டுக்கொண்டே மண்டபத்தின் பின்பக்கம் பார்த்தார். கதிரைகள் வெறுமையாகக் கிடக்க, அங்கே சுவரோடு நிரோஜாவின் தகப்பன் நின்றுகொண்டிருந்தார். எந்தக் கூட்டத்திலும் அவர் அப்படித்தான் நிற்பார். தலைவர் பார்த்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனிதர் தன் காலைப் பார்த்தார். உங்களுக்கும் அவருக்கும்தான் ஐயா என்று ஒரு வரி நான் சொல்லியிருக்க வேண்டும். நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சண்டை முடிந்துவிட்டது. அதுதான் அதிசயம். ஒரு தாய் தகப்பனிடமிருந்துதான் உலகத்து மனிதர் அத்தனை பேரும் வந்ததாகப் போதகரின் வேதத்திலேயே இருக்கிறது. அதை அவர் அந்த நேரம் சொல்லியிருக்கலாம். அவரும் சொல்லவில்லை. தலைவரும் போதகரும் அதுவரை ஒரு வேலியில் நின்று கதைத்து நான் கண்டதில்லை. அன்றைக்கு ஒரே வாங்கில் இருந்து வாய்ப்பன் சாப்பிட்டார்கள். அந்தப் பாடம் பிள்ளைகளின் மனசைக் கெடுக்கும் என்று இருவரும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்தார்கள். பெரியவர்கள் ஒற்றுமைப்பட ஒரு பொது எதிரி போதும், அது ஒரு பாடமானால் இன்னும் வசதி, திருப்பிக் கதைக்காது.

அதிபர் கெட்டவர் இல்லை. பயந்த மனிதர், பயந்த மனிதருக்குள் புத்திசாலி. மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு, "கிழிச்சால் கல்விக் கந்தோரோட பிரச்சினை. படிப்பிச்சால் ஊரோட பிரச்சினை. பின் அடிச்சு விடுங்கோ ரீச்சர்" என்று ஸ்ரேப்ளரை என் கையில் தந்தார். போட்டோப் பிரதி எடுத்துக் கட்டி ஐந்து பேருக்கும் கொடுத்திருந்த புத்தகத்தில் அந்தப் பக்கங்களைச் சேர்த்துப் பின் அடிப்பதுதான் தீர்வு. கடந்த வருசக் கேள்வித்தாள்களையும் பார்த்துவிட்டாராம், அந்த அலகிலிருந்து பெரிய கேள்வி வந்ததில்லை, இனியும் வராது.

இந்த 'வரும், வராது' எங்கள் ஆசிரியர் தொழிலின் பெரிய பம்மாத்து. சாத்திரியை நக்கலடிப்போம், செவ்வாய் தோசத்துக்குச் சிரிப்போம், பரீட்சை வந்தால் மட்டும் பழைய கேள்வித்தாளைப் பரப்பி வைத்துக்கொண்டு நாங்களே சாத்திரம் பார்க்கத் தொடங்கிவிடுவோம். நான் ஐந்து புத்தகத்துக்கும் பின் அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் நாலு பின். நிரோஜா தன் புத்தகத்தை வாங்கி, அந்தத் தடித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதிலையிருந்து வராதோ ரீச்சர்?" என்று கேட்டாள்.

"வராது" என்றேன்.

நிரோஜா ஏன் என்று கேட்காத ஒரே நாள் அது. என்னை நம்பிவிட்டாள். ஒரு பின்னைக்கூடக் கழற்றவில்லை.

கேள்வி வந்தது. கைக்கும் வௌவால் செட்டைக்கும் திமிங்கிலத் துடுப்புக்கும் ஒரே எலும்பு ஒழுங்கு இருப்பது ஏன், விளக்குக. அந்த விடையை நான் என் வாயாலேயே ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறேன். பரீட்சை எழுத வேண்டியவளுக்கு மட்டும் சொல்லவில்லை. முடிவு வந்தபோது அவளுக்கு மருத்துவபீடம் தப்பிப்போயிருந்தது. தப்பியது பெரிய தூரமில்லை, அந்த ஒரு கேள்வியளவு தூரம்தான். அவளுடைய வீட்டுச் சட்டத்தில் இரண்டாம் முறை இல்லை.

கோயில் தலைவரின் மகன் அதே வருசம் வவுனியாவில் நல்ல ரியூசன் வகுப்பில் உயிரியல் படித்து அதே பரீட்சை எழுதினான். அங்கே கூர்ப்பு மூன்று கிழமை நடந்ததாம், படம் எல்லாம் கீறி. தகப்பன் போய் ஆமைப் படம் மாட்டவில்லை, கூட்டமும் போடவில்லை. பையன் இப்போது டொக்டர். கெட்டிக்காரப் பையன், அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தகப்பனைக் கண்டால் இன்றைக்கும் நான் வீதியில் மற்றப் பக்கம் போய்விடுவேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

அடுத்த வருசம் அந்தப் பள்ளிக்கூடத்தில் உயிரியலுக்கு ஒருவரும் சேரவில்லை. படிக்கிற பிள்ளைகள் வவுனியாவுக்குப் போனார்கள், முடியாதவர்கள் கலைப்பிரிவுக்குப் போனார்கள். பிரிவை மூடினார்கள். எனக்கும் மாற்றம் கிடைத்தது. ஆய்வுகூடம் பிறகு விளையாட்டுச் சாமான் அறையானதாகவும், இரண்டு படங்களும் பத்திரமாக இருப்பதாகவும் கேள்விப்பட்டேன். பாம்பை யாரோ கொட்டிவிட்டார்களாம்.

பஸ்ஸால் இறங்கி, அந்தக் கொதியோடு கிளிநொச்சியில் பாமசிக்குள் போனேன், பிரசர் குளிசை வாங்க. கவுண்டருக்கு அங்கால் நின்றவள் நிரோஜா. கையில் குளிசை எண்ணிக்கொண்டே, எண்ணிக்கை தவறாமல், "ரீச்சர்" என்றாள். தங்கைகள் இருவரும் படித்து வேலையில், தகப்பன் போன வருசம் காலமாகிவிட்டார் என்றாள். நான் ஏதோ சொல்லத் தொடங்க, அவள் பைக்கற்றில் காலை ஒன்று இரவு ஒன்று என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"கனநாளாக் கேக்க வேணும் எண்டு நினைச்சனான். அந்த எலும்புக் கேள்விக்கு விடை என்ன ரீச்சர்?"

புத்தகமும் கைபேசியும் இருக்கிற காலம், அவள் எப்போதோ தேடிப் பார்த்திருக்கலாம். என்னிடம் கேட்க வைத்திருந்திருக்கிறாள். பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். சொன்னேன். எல்லாம் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை, அதனால்தான் எலும்பும் ஒன்று. அவ்வளவும் சொல்ல ஒரு நிமிசம் ஆகவில்லை.

"இவ்வளவுதானோ ரீச்சர்" என்றாள். "அண்டைக்குக் கூட்டத்தால வந்து அப்பா ஒண்டும் கதைக்கேல்லை. நான் என்னவோ பெரிய விசயமாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

எனக்குப் பின்னால் நின்றவர் தன் மருந்துத் துண்டை நீட்டினார். அவள் அதை வாங்கி வாசிக்கத் தொடங்கினாள். அந்தப் பள்ளிக்கூடத்து உயிரியல் பிரிவில் படித்த ஒரு பிள்ளை என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி அதுதான்.