விரலால் அடக்கிய ரிக்கார்டு

“உள்ள போகுது, ஆனா படிக்க மாட்டேங்குது. இது நெருக்கமா எழுதுற ஃபிளாப்பி, நம்ம டிரைவு பழசு” என்று இன்று அச்சகத்தில் ஒருவர் சொன்னதும், பதினாலு வயதில் நான் தாயில்பட்டியிலிருந்து சிவகாசிக்கு மறுபடியும் நடந்துகொண்டிருந்தேன், கக்கத்தில் பாழான ரிக்கார்டோடு.

அன்று காலைவரை ஒரு மைக்செட்காரரிடம் வேலை பார்த்தேன். அரக்கு ரிக்கார்டுகளின் வாசனையும், சாவி கொடுக்கையில் கிராமபோன் பெட்டிக்குள் சுருள்வில் முனகும் ஓசையும், ரிக்கார்டின் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றும் எஃகு ஊசிகளுமாக நாட்கள் ஓடின. அன்று தாயில்பட்டிக் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அண்ணன், மெட்ராஸில் வாங்கிய புது ரிக்கார்டை நீட்டினார். எங்கள் தட்டில் அது கச்சிதமாக உட்கார்ந்தது, ஆனால் ஒரே வேகத்தில் சுழலும் எங்கள் பெட்டியில் பாட்டு குருவி கத்துவதுபோல் ஓடியது. சுழலும் தட்டின் விளிம்பை விரலால் அழுத்தி வேகத்தைக் குறைத்தேன்; குரல் சரியாக வந்தது, பந்தலே கைதட்டியது. இரண்டாம் முறை வைத்தபோது வெறும் கரகரப்புதான். ஊசி போன வழியெல்லாம் வெளுத்துக் கிடந்தது.

“ஏலே, பாட்டுப் போடச் சொன்னா உழவு ஓட்டிப்புட்டியே!” என்று அண்ணன் அதை வீசினார். “இனி இங்கன நிக்காத” என்றார் முதலாளி. ரிக்கார்டைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலை, மூன்று வேகத்தில் ஓடும் பெட்டி வைத்திருந்த சிவகாசி ரேடியோ கடையில் அதை நீட்டினேன்.

“கெடுத்தது நாந்தான் அண்ணாச்சி. ஏன் கெட்டுச்சுன்னு தெரியணும்.”

“கோடு நெருக்கமுல்லா? அதுக்கு ஊசியே வேறலே” என்று சிரித்த கடைக்காரர் துடைப்பத்தைக் கொடுத்தார்.

பெட்டி இருந்த மூலையிலிருந்தே கூட்டத் தொடங்கினேன்.