பாண்டிச்செல்வி கட்டிய சாரம்

ஆனந்தகுமார் பாண்டிச்செல்வியை முதலில் பார்த்தது கொச்சியின் மட்டாஞ்சேரியில், ஒரு பழைய மிளகுக் கிடங்கின் கூரை உயரத்தில். அவன் தேனிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, குடும்பத்திலேயே முதல் பட்டதாரியாகி, எர்ணாகுளத்துக் கட்டுமானக் கம்பெனி ஒன்றில் இன்ஜினியராகச் சேர்ந்திருந்த புதிது. சாரத்தின் உச்சியில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தவர் கீழே பார்த்துக் கத்தினார்.

"ஏ தம்பி! என் சாரத்துக்கு அடியில என்ன வேடிக்கை? மேல ஏறு, இல்ல தள்ளி நில்லு!"

ஏறினான். சாரம் அசையவில்லை.

பிறகு கம்பெனிக்குப் பாலக்காட்டுப் பக்கம் ஒரு வேலை வந்தது. வயல்களுக்கு நடுவே வளைவு வளைவாக நிற்கும் ரயில் பாலம். விக்டோரியா ராணி காலத்துக் கல்வேலை. உதிர்ந்த காரையைப் பூச வேண்டும், கல்லில் ஒரு துளைகூடப் போடக்கூடாது. துளையே போடாமல் கயிற்றால் மட்டும் சாரம் கட்டுபவர் என்று மேலாளரிடம் பாண்டிச்செல்வியின் பெயரைச் சொன்னான் ஆனந்தகுமார்.

பூச்சு வேலை மேஸ்திரி தங்கதுரை சிரித்தார். "பொம்பள கட்டுன சாரத்துல என் ஆளுங்க ஏறமாட்டாங்க தம்பி."

அவர்கள் ஏறாவிட்டால் சாரம் கட்டும் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அது தெரிந்தேதான் பாண்டிச்செல்வி வந்தார். கழிகளைக் கல்லோடு ஒட்டி இறுக்கிக் கட்டினார். முதல் ரயில் பாலமேறியதும் கழிகள் கல்லில் படபடவென்று அடித்தன. ஆட்கள் வயலுக்குள் ஓடினார்கள்.

"என்ன செல்வி, சாரம் செண்டை கொட்டுது?" என்றார் தங்கதுரை.

பாண்டிச்செல்வி நாக்கைக் கடித்துக்கொண்டார். மட்டாஞ்சேரிச் சுவர்கள் நடுங்காதவை. அந்தப் பழக்கத்தில் கை இங்கேயும் கல்லோடு ஒட்டிக் கட்டிவிட்டது. "தப்பு என்னோடதுதான் சேட்டா. நாளைக்குப் பாருங்க."

மட்டாஞ்சேரியிலிருந்து காலி மிளகுச் சாக்குகள் வந்திறங்கின. கட்டுகளை அவிழ்த்து, கழிக்கும் கல்லுக்கும் நடுவே சாக்கை மடித்துத் திணித்து, மறுபடி கட்டினார். பாலம் முழுக்க மிளகு மணத்தது. தங்கதுரை தும்மிக்கொண்டே இருந்தார்.

கட்டியவர்தான் முதலில் ஏற வேண்டும் என்பது சாரக்காரர்களின் முறை. பாண்டிச்செல்வி சாயாத் தூக்கும் கிளாஸுமாக ஏறி உச்சிப் பலகையில் உட்கார்ந்தார். விளிம்பு வரை ஊற்றிப் பக்கத்தில் வைத்தார். தலைக்கு மேல் எக்ஸ்பிரஸ் இடிபோல ஓடியது. சாயாவில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

ஒரே மூச்சில் குடித்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"தங்கதுரை சேட்டா! ஏறி வர்றீங்களா, இல்ல அங்கேயே தும்மிக்கிட்டு நிக்கிறீங்களா?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தங்கதுரையே முன்னால் ஏறினார். பின்னால் ஆட்கள் கரண்டியும் காரைச்சட்டியுமாக ஏறினார்கள். கீழே நின்ற ஆனந்தகுமார் விசிலடித்தான்.

பாண்டிச்செல்வி இன்றும் மட்டாஞ்சேரிக்காரர்தான். சொந்தக் குழு வைத்திருக்கிறார். இந்த வாரம் இடக்கொச்சியில் ஒரு தேவாலயக் கோபுரத்துக்குச் சாரம் கட்டிக்கொண்டிருக்கிறார்.