இறுக்கச் சொன்னது நான்

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. அந்த ஐந்தாவது, என் அக்கா மகன் செல்வம். அக்கா சீக்கில் கிடந்த வருஷங்களில் என் வீட்டில் வளர்ந்தவன்.

போன வாரம் ஒரு காலையில் அவன்தான் போன் செய்தான். "சின்னம்மா... அம்மா போயிடுச்சு."

அக்கா வீடு ஜெயங்கொண்டத்தில். நான் இருப்பது வாலிகண்டபுரம். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் கண்ணை மூடினால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்தாக வேண்டும். அதைப் போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். அண்ணன், தம்பி எல்லோரும் முன்பே போய்விட்டார்கள். அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் இனி நான் ஒருத்திதான்.

என் மகன் முருகேசன் வேன் ஓட்டுகிறான். குன்னத்தில் மக்காச்சோள மூட்டை இறக்கிவிட்டு அவன் வரவே மதியமாகிவிட்டது. பெரம்பலூரில் கத்திரிப்பூ நிறத்தில் சேலை எடுத்தேன். அக்காவுக்குப் பிடித்த நிறம். கடையை விட்டு வெளியே வந்தால், வேன் 'கீச்... கீச்' என்று கத்திக்கொண்டு நிற்கிறது!

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர் என்று ஊராரிடம் எத்தனை முறை பெருமையடித்திருக்கிறேன்! கையெழுத்து போட மட்டும் தெரிந்த எனக்கு, ஆல்டர்னேட்டர் பெல்ட் பார்க்கத் தெரியும். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது அந்த பெல்ட்தான். முருகேசன் வண்டியில் வாட்டர் பம்பையும் அதுதான் சுற்றுகிறது.

அவன் இன்ஜினை நிறுத்திவிட்டு, பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினான். அரை இஞ்ச் உள்ளே போனது.

"பெல்ட்டு சரியாத்தாம்மா இருக்கு. சத்தம் வேற எங்கேருந்தோ வருது."

"லூசானாத்தான்டா கத்தும். உங்கப்பா வண்டியில நான் பாக்காததா? இறுக்கு."

"ரொம்ப இறுக்குனா தாங்காதும்மா."

"சாவு வூட்டு வாசல்ல போயி கீச்சு கீச்சுன்னு நிக்கச் சொல்றியா? ஊரே சிரிக்கும். இறுக்குடா!"

போல்ட்டைத் தளர்த்தினான். கம்பியைக் கொடுத்து ஆல்டர்னேட்டரை நெம்பிப் பிடித்து, மறுபடி முடுக்கினான். நானும் அழுத்திப் பார்த்தேன். பலகை மாதிரி இருந்தது. வண்டியைக் கிளப்பினால் சத்தம் குறைந்துவிட்டது!

"பாத்தியா?" என்றேன். அக்கா அங்கே கிடக்கிறாள்... இங்கே எனக்கு ஜெயித்துவிட்ட நினைப்பு.

அரியலூர் தாண்டி, உடையார்பாளையத்துக்கு முன்னால் ரப்பர் தீய்ந்த வாடை. ஸ்டியரிங்குக்கு முன்னால் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. 'பட்' என்று ஒரு சத்தம். பெல்ட் போய்விட்டது. வாட்டர் பம்ப் சுற்றாமல் இன்ஜின் கொதித்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் முந்திரிக் காடு. ஒரு கடை கண்ணி இல்லை.

செல்வம் போன் செய்தான். "எங்க வரீங்க சின்னம்மா? நாலு மணிக்கு எடுக்கணுங்கிறாங்க."

"இதோ கிட்டத்துல வந்துட்டோம்பா."

முருகேசன் என்னையே பார்த்தான். "ஏம்மா பொய் சொல்ற? நின்னுபோச்சுன்னு சொல்லு. யாரையாவது பைக்ல அனுப்புவான்."

"பெத்தவளப் போட்டுட்டு ஒக்காந்திருக்கவன்கிட்ட வண்டி கேக்கறதா? கோடி கொண்டாரவ நடுரோட்டுல நிக்கிறேன்னு சொல்லவா?"

செல்வம் மூன்று முறை கூப்பிட்டான். மூன்று முறையும் 'இதோ'தான். இரண்டு பஸ் நிற்காமல் போயின. கடைசியில் ஒரு பால் வண்டிக்காரர் என்னை ஏற்றிக்கொண்டார்.

நான் போய் இறங்கியபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாசலெல்லாம் ஈரம்.

"பொறந்த வூட்டுக் கோடி இப்பத்தான் வருதாக்கும்?" என்றாள் ஒருத்தி. பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டுமே என்று, பக்கத்து வீட்டுப் பெண் தன் புதுச் சேலையைப் பிறந்த வீட்டின் பேரில் போர்த்தியிருக்கிறாள். என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை.

செல்வம் மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகச் சுடுகாட்டிலிருந்து திரும்பினான். என் மடியிலிருந்த சேலைப் பையைப் பார்த்தான்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வந்து கூட்டியாந்திருப்பேனே சின்னம்மா..."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் அரியலூர் மெக்கானிக், கழற்றிய ஆல்டர்னேட்டரின் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னார். பாதியிலேயே சிக்கி நின்றது. "கத்துனது உள்ள இருக்கிற பேரிங்குங்க. பெல்ட்டு நல்லாத்தான் இருந்திருக்கு. அது மேல இறுக்கவும் ஒரேயடியா புடிச்சுக்கிச்சு."

உங்கள் வண்டி கத்தினால் உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். இன்ஜினை நிறுத்தி, அழுத்திப் பாருங்கள். அரை இஞ்ச் போனால் பெல்ட்டை இறுக்க வேண்டாம். அதைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தால் கோளாறு அங்கேதான். கூட இருப்பவர் 'சரியாத்தான் இருக்கு' என்றால்... கொஞ்சம் காது கொடுங்கள். மனிதர்களுக்கும் அந்த அரை இஞ்ச் வேண்டியிருக்கிறது. எனக்கு அது இருந்ததே இல்லை.

சேலை பிரிக்காமல் அப்படியே பீரோவில் இருக்கிறது. செல்வம் அதன்பிறகு கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பேத்தி கயல், நான் சொல்லச் சொல்ல இத்தனையும் எழுதி முடித்துவிட்டாள். "படிக்கட்டுமா அப்பத்தா?" என்கிறாள்.

படிடி கண்ணு, சத்தமாப் படி. இரு... மொதல்ல செல்வத்துக்குப் போன் போடு. அவன் எடுத்தப்புறம் படி.