தாம்பூலப் பையில் இரண்டு பாட்டில்: தி. நகரிலிருந்து அடையாறு வரை

"வீட்டிலேயே ஒயின் சுவைத்து எழுதுகிறீர்களே, கடைக்குக் கிளம்புவதிலிருந்து கடைசி மடக்கு வரை ஒரு பயணக் கட்டுரையாக எழுதுங்களேன்" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எல்லாம் சேர்த்தால் பதினாறு கிலோமீட்டர்தான் வரும். இதைப் பயணம் என்று சொன்னால் இமயமலைக்குப் போய் வந்தவர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் போன மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் கிளம்பியபோது, அதுவே இந்த வலைப்பூவின் கடைசிப் பதிவாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே எழுத்து என்னுடையது, மூக்கு என் கணவர் ரகுவுடையது. கிளாஸை ஒரு சுழற்று சுழற்றி, கண்ணை மூடி, "கொய்யா, கொஞ்சம் வெட்டின புல்லு" என்பார். நான் தட்டச்சு செய்வேன். பிப்ரவரியில் வந்த ஒரு காய்ச்சல் அந்த மூக்கைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. ஒன்று வாசனையே தெரியாது, தெரிந்தால் தப்பாகத் தெரியும். திரும்பி வரலாம், வராமலும் போகலாம், எதையாவது முகர்ந்து பழகிக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் கசிந்துகொண்டிருந்தது. நாலடி தள்ளி உட்கார்ந்து ரகு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவரைத் தனியே விட்டு வெளியே போக எனக்குப் பயம். அவர் பயந்ததாகத் தெரியவில்லை. இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார். அந்தச் சனிக்கிழமை காலையில், "இதான் கடைசி சுதா. இன்னிக்கும் ஒண்ணும் தெரியலைன்னா பிளாக்கை மூடிடலாம்" என்றார். நான் சரி என்றேன்.

அடையாறு காந்தி நகரிலிருந்து தி. நகருக்கு ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர், நூற்று எழுபது ரூபாய். அரசுக் கடை பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும், சீக்கிரம் போய் வெயிலில் காயாதீர்கள். நாசிக் பக்கத்து வெள்ளை ஒயின் ஒன்று, சிவப்பு ஒன்று எடுத்தோம். இரண்டும் சேர்த்து இரண்டாயிரத்து நூறு. கையோடு கொண்டு போயிருந்த இரண்டு தாம்பூலப் பைகளில் போட்டுக்கொண்டோம்.

இது எங்கள் வீட்டு வழக்கம். ஒயின்காரர்கள் லேபிள் தெரியாமல் பாட்டிலை மூடி வைத்துச் சுவைப்பார்கள். அதற்கென்று உறையெல்லாம் விற்கிறார்கள். நம் வீடுகளில் கல்யாணத்துக்குக் கல்யாணம் சேருகிற தாம்பூலப் பைக்கா பஞ்சம்? பாட்டிலுக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கும். வழியில் தெரிந்தவர் யாராவது எதிர்ப்பட்டாலும் சங்கடம் இல்லை. அன்றைக்கு ஒரு பையில் யாரோ கார்த்திக்–நிவேதிதா. இன்னொன்றில் அதற்கு முந்தைய வாரம் கல்யாணமான என் சித்தப்பா மகளும் மாப்பிள்ளையும்.

அங்கிருந்து மயிலாப்பூருக்கு ஆட்டோ, நூற்று நாற்பது ரூபாய். மெட்ரோ வேலைக்காகத் தெருக்களைத் திருப்பி விட்டிருப்பதால் அரைமணி நேரத்துக்குக் குறையாது.

"இன்னா மேடம், எந்த மண்டபம்? சாப்பாடு எப்டி கீது?" என்றார் ஓட்டுநர், பைகளைக் கண்ணாடியில் பார்த்து.

"சுமார்தான்" என்றேன். வாய் கொஞ்சம் சும்மா இருக்கக் கூடாதா!

ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தது. டங்கென்றது பை.

"தேங்கா இந்த மாதிரி சவுண்டு குடுக்காதே மேடம்" என்றார் அவர், திரும்பாமலே. "மடில வச்சிக்க நைனா, ஒடஞ்சிடப் போவுது."

ரகு சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி.

மயிலாப்பூரில் இறங்கியது காபிக் கொட்டை வறுத்து அரைக்கும் கடைக்காக. டாக்டர் சொன்ன பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் எது? முன்பெல்லாம் தெருமுனையிலேயே ரகுவின் நடை வேகமெடுக்கும். அன்றைக்குக் கடை வாசலில் நின்று இரண்டு முறை மூச்சை இழுத்தார். "எரிஞ்ச டயர்" என்றார். கால்கிலோ வாங்காமலே நகர்ந்தோம். அடையாறு திரும்ப இன்னொரு ஆட்டோ, நாலரை கிலோமீட்டர். அந்த ஆட்டோவுக்கு என்ன கொடுத்தேன் என்று ஞாபகமில்லை, மன்னிக்கவும்.

வீட்டுக்கு வந்து இரண்டு பாட்டிலையும் பையோடு ஃப்ரிட்ஜில் வைத்தேன். சிவப்பை அறை வெப்பத்தில் குடிக்கலாம் என்று எழுதியவர்கள் நம்மூர் அறையைப் பார்த்ததில்லை. சிவப்புக்கு முக்கால் மணி நேரம், வெள்ளைக்கு இரண்டு மணி நேரம் குளிர் வேண்டும். வெள்ளையைத்தான் முதலில் சுவைக்க வேண்டும், ஆனால் பொறுமை இல்லாமல் ரகு சிவப்பை எடுக்கச் சொன்னார். முகர்ந்தார், குடித்தார். "துவர்க்குது. அவ்ளோதான்" என்றார்.

வெள்ளை குளிர்ந்ததும் எடுத்து வந்தேன். மே மாதக் காற்று பட்டு பாட்டில் வியர்த்து, பை முழுக்க நனைந்துவிட்டது. அவர் தோளருகே நின்று ஊற்றினேன். வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். கிளாஸை மூக்கருகே கொண்டு போனார்.

"வெத்தலை" என்றார். "கொஞ்சம் பாக்கு. ஆமா, வெத்தலைதான்."

நான் என் கிளாஸை முகர்ந்தேன். எலுமிச்சை, கொய்யா. வெற்றிலையின் சாயல்கூட இல்லை. காபி டயரானது போல இதுவும் ஏதோ ஒன்றாகிவிட்டது என்று மனசு விட்டுப்போயிற்று. முகத்தை மறைக்க எனக்கு எப்போதுமே வராது. கண்ணைத் திறந்து பார்த்தவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"இல்லைல்ல? விடு சுதா. மூடிடலாம்."

பாட்டிலைப் பையிலிருந்து உருவி மேசையில் வைத்து, ஈரப் பையைக் காயப் போடலாம் என்று உதறினேன். உள்ளிருந்து ஒன்று வழுக்கி அவர் மடியில் விழுந்தது. சித்தப்பா மகள் கல்யாணத்து வெற்றிலை. தேங்காயையும் பழத்தையும் எடுத்துவிட்டு, அடியில் பார்க்காமல் பையை மடித்து வைத்தது நான்தான். வாடிப்போய், பாட்டில் வியர்வையில் நனைந்து, மறுபடி வாசனை விட ஆரம்பித்திருக்கிறது. மூலையில் இரண்டு சீவல் துண்டுகள்கூட இருந்தன. பையை முகத்தருகே கொண்டு போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவருக்கு ஒரு முழம் தள்ளியே தெரிந்திருக்கிறது.

பையை அவரிடம் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பார்க்க நான் பையை விலக்கவில்லை.

இது ஒயினைப் பற்றிய வலைப்பூ என்பதால் ஒயினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாக்கில் இருப்பதாக நாம் நினைக்கும் ருசியில் பெரும்பங்கு மூக்கில்தான் இருக்கிறது. அது இருக்கும்வரை அதைப் பற்றி நிறைய எழுதினேன், அதற்காக ஒருநாளும் சந்தோஷப்படவில்லை. இப்போது ஒவ்வொரு நாளும் சந்தோஷப்படுகிறேன். காபி அவருக்கு இன்னும் டயர்தான். ஆனால் நேற்று அடுப்படியை எட்டிப் பார்த்து, "வெந்தயக் குழம்பா?" என்றார். வத்தக்குழம்பு. வெந்தயம் தாளித்தது உண்மை.

நீங்களும் முயல்வதாக இருந்தால், ஆட்டோவில் பாட்டில்களுக்கு நடுவே ஒரு துண்டைச் சுற்றி வையுங்கள். தாம்பூலப் பையைத் துவைத்துக் காயவைத்த பிறகே பாட்டிலுக்குப் போடுங்கள், இல்லாவிட்டால் வாசனை கலந்து குறிப்பெல்லாம் தப்பாகிவிடும்.

எங்கள் வீட்டுப் பை ஒன்று மட்டும் கொடியில் தொங்குகிறது. அதைத் துவைக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.