தமிழுக்குக் காது கேட்காத வகுப்பு

சாந்தோமில் மர்சலின் மிஸ் வீடு என்றால் ஆட்டோக்காரர்கூட வழி கேட்கமாட்டார். கான்வென்ட் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வுக்குப் பிறகு வீட்டு முன்னறையில் ஆங்கில வகுப்பு வைத்தவர். பிடிவாதக்காரர், அவர் அதை ஒழுங்கு என்பார்.

'பார்' என்ற ஒரே சொல்லில் நாம் காலத்தை ஓட்டிவிடுகிறோம். ஆங்கிலத்துக்கு அது போதாது. தானாகக் கண்ணில் பட்டால் 'சீ', வேண்டுமென்றே கண்ணைத் திருப்பினால் 'லுக்', நடப்பதைத் தொடர்ந்து கவனித்தால் 'வாட்ச்'. ஓர் ஆளைப் போய்ப் பார்ப்பதற்கும் 'சீ'தான். மர்சலின் சொல்லிக்கொடுத்தால் எந்த மண்டையிலும் ஏறும். ஏற்றும் விதம்தான் கொடுமை. வகுப்பில் யாராவது தமிழில் பேசினால் மிஸ்ஸுக்குக் காது கேட்காது. அனுமதி கேட்காமல் வாசலைத் தாண்டினால் மறுநாளிலிருந்து இடமில்லை.

அன்று இந்தப் பாடம்தான் நடந்துகொண்டிருந்தது. நிலா எழுந்து நின்றாள். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்குப் பெயர்த்து அனுப்பப்பட்ட குடும்பம். கம்பெனி வரவேற்பறையில் ஒரு வேலை கிடைக்காதா என்று இரண்டு பஸ் மாறி வருகிற பெண். அவள் அம்மா நான்கு நாளாக ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் கிடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அங்கிருந்து போன் வந்திருந்தது.

"மிஸ், அம்மாவ ஒடனே பாக்கப் போவணும்."

மர்சலின் போர்டிலிருந்து திரும்பவில்லை. பாதி வகுப்பில் நழுவ இதுவும் ஒரு சாக்கு என்று நினைத்தார். நிலா ஆங்கிலத்தில் தடுமாறினாள். 'லுக்' என்றாள், 'வாட்ச்' என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். வகுப்பு முடிய நாற்பது நிமிடம் ஆனது.

அவள் ஆஸ்பத்திரியை எட்டுவதற்குள் அம்மாவின் உயிர் போய்விட்டது. மூன்றாம் நாள், கூடப் படிக்கும் ஜீஷான் சொல்லித்தான் மர்சலினுக்கு இது தெரியவந்தது. இரண்டு பஸ் மாறி பெரும்பாக்கம் போனார். ஒற்றை அறையில் நிலா தரையில் உட்கார்ந்திருந்தாள். மர்சலினும் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நீ தமிழ்ல சொன்னது எனக்குக் கேட்டுச்சும்மா" என்றார். "கேட்டும் கேக்காத மாதிரி இருந்துட்டேன்."

நிலா அவரைத் தேற்றப் பார்த்தாள்.

"நீங்க இன்னா பண்ணுவீங்க மிஸ். நான் ஒழுங்கா படிச்சிருந்தா, இங்கிலீஷ்ல கேட்டுட்டுப் போயிருப்பேன். அம்மா கடைசி வரிக்கும் என்னியதான் கேட்டுக்கினு இருந்துச்சாம். தப்பு எம்மேலதான்."

ஒப்புக்குச் சொல்லவில்லை அந்தப் பெண். அப்படித்தான் நம்பினாள்.